மேப்பிள் குறுமரத்தின் அடிமரம் பருப்பது எதனால்?

ஜப்பானியர் போன்சாய் என்று பெயரிட்டுப் போற்றிவரும் குறுமரக் கலை இன்று நம் நாட்டின் நகரங்கள் பலவற்றிலும் பயிலப்படுகிறது. மலர்க் காட்சிகளில் அதற்கெனத் தனி வரிசை ஒதுக்கப்படுவதையும், நாற்றுப் பண்ணைகளில் தொட்டி மரங்கள் நல்ல விலைக்கு விற்கப்படுவதையும் காண்கிறோம். ஆயினும் இக்கலையைப் பயில்வோரிடையே ஒரு கருத்து ஆராயப்படாமலேயே கைமாறி வருகிறது. மரத்தைச் சிறு தொட்டியிலிட்டு அடிக்கடி கவாத்து செய்துவந்தால், மேலே செல்லவேண்டிய வளர்ச்சி தடைப்பட்டு அடிமரத்திலேயே தங்கும், அதனால் அடிமரம் பருக்கும் என்பதே அக்கருத்து. கேட்பதற்கு இது பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் தாவர இயல் இதனை ஒப்புக்கொள்வதில்லை. இதனால் விளையும் நட்டமும் சிறிதன்று. பத்தாண்டுக் காலம் பொறுமையுடன் கிள்ளிக் கிள்ளி வளர்த்த பின்னும், ஒரு விரற்கடைப் பருமனைத் தாண்டாத மெல்லிய தண்டே தொட்டியில் நிற்கிறது. வளர்த்தவர் தம் கைத்திறனில் குறை காண்கிறார். உண்மையில் குறை அவர் பின்பற்றிய கொள்கையில் இருக்கிறது.

ஜப்பானில் குறுமரமாக வளர்க்கப்படும் மேப்பிள்கள் பெரும்பாலும் இரண்டு இனங்களைச் சேர்ந்தவை. ஐந்து அல்லது ஏழு விரல்களை விரித்தாற்போன்ற இலையையுடைய ஏஸர் பால்மேட்டம் என்பது ஒன்று. அதனை மோமிஜி என்பர். மூன்று மடல் இலையையுடைய ஏஸர் பூர்கேரியானம் மற்றொன்று. சீனத்திலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டில் வந்து சேர்ந்த இதனைக் குறுமரக் கலைஞர்கள் காயெதே என்று அழைக்கின்றனர். 1923ஆம் ஆண்டு தோக்கியோ வட்டாரத்தைச் சிதைத்த பெரும் நிலநடுக்கத்திற்குப் பின், அந்நகரின் குறுமர வளர்ப்போர் சிலர் நல்ல மண்ணும் நீரும் காற்றும் நாடி வடக்கே சென்று, 1925இல் ஓமியாவில் ஒரு குடியிருப்பை நிறுவினர். இன்றும் அது போன்சாய்க் கிராமம் என்றே வழங்குகிறது. அங்கே 2010இல் இக்கலைக்கெனப் பொதுக் காட்சிசாலை ஒன்றும் திறக்கப்பட்டது. 1934இல் தோக்கியோவில் தொடங்கிய கொகுஃபு காட்சி, இக்கலைக்குரிய காட்சிகளில் மிகப் பெருமை வாய்ந்ததாகக் கருதப்படுகிறது.

இத்தகைய காட்சிகளில் மரத்தை மதிப்பிடுவோரின் கண் இலையின் நிறத்தில் முதலில் படுவதில்லை. மண்ணின் மேற்பரப்பில் வேர்கள் நாற்புறமும் பரவியுள்ள விதத்தையும், அவ்வேர்களிலிருந்து முதற்கிளை வரையில் அடிமரம் எழும் விதத்தையுமே அவர்கள் முதலில் நோக்குகின்றனர். அடி பருத்து நுனி நோக்கிப் படிப்படியாகச் சிறுத்துச் செல்லும் இயல்பிற்குக் கொகெஜுன் என்னும் தனிச் சொல்லே அவர்கள் மொழியில் உண்டு. இதனை வெறும் மரபு என்று தள்ளிவிடலாகாது. வெட்ட வெளியில் நூறாண்டு நின்ற மரத்தைத் தொலைவிலிருந்து பார்க்கும்போது அதன் உயரம் எத்தனை அடி என்று கண் அளந்து அறிவதில்லை. அடியின் பருமனுக்கும் உயரத்திற்கும் உள்ள விகிதத்தையே அறிகிறது. அவ்விகிதம் கைகூடிவிட்டால் அரை மீட்டர் உயரமுள்ள மரமும் முதுமரமாகத் தோன்றுகிறது. கைகூடாவிட்டால் ஐம்பது வயதான மரமும் நாற்றாகவே தோன்றும். அடிமரத்தின் விட்டத்தைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு உயரம் என்பது கலைஞர் பலர் கைக்கொள்ளும் ஓர் அளவு. 48 செ.மீ. உயரமுள்ள மேப்பிளுக்கு 8 செ.மீ. அடிமரம் வேண்டும் என்பது இதன் பொருள். அந்த 8 செ.மீ. எங்கிருந்து வருகிறது என்பதே இக்கட்டுரையின் வினா.

மரப்பட்டைக்கும் கட்டைக்கும் இடையே, கண்ணுக்கு எளிதில் புலப்படாத மெல்லிய உறைபோல் வளர்படை என்னும் திசு மரம் முழுவதையும் போர்த்தி நிற்கிறது. அது பிளவுற்று உட்புறம் கட்டைத் திசுவையும் வெளிப்புறம் உணவு கடத்தும் திசுவையும் உண்டாக்குகிறது. ஒருமுறை உருவாகி முதிர்ந்துவிட்ட கட்டை அணு பின்னர் பருப்பதில்லை. ஆகவே அடிமரத்தின் பருமன் என்பது ஆண்டுதோறும் படிந்த வளையங்களின் கூட்டுத் தொகையேயன்றி வேறன்று. மேலே தடுக்கப்பட்ட வளர்ச்சி கீழே வந்து தேங்கிக் கட்டையை உப்பச் செய்யும் என்று எண்ணுவதற்கு மரத்தின் அமைப்பில் இடமே இல்லை. வளையத்தைக் கட்டுவதற்கு மாவுப் பொருள் வேண்டும். அதனைத் தயாரிப்பது இலை. வளர்படையைத் தூண்டுவதற்கு ஆக்ஸின் வேண்டும். அதனை அனுப்புவது துளிர்க்கும் மொட்டும் இளந்தளிருமாம். கவாத்துக் கத்தி முதலில் நீக்குவது இவ்விரண்டையுமே.

இலையில் உண்டாகும் உணவு பட்டையின் வழியே கீழிறங்குகிறது என்பதைப் பதினேழாம் நூற்றாண்டிலேயே இத்தாலிய அறிஞர் மால்பிகி ஓர் எளிய சோதனையால் உணர்ந்தார். மரத்தைச் சுற்றிப் பட்டையை வளையமாக உரித்தால், வளையத்திற்கு மேற்புறம் பருக்கிறது, கீழ்ப்புறம் நின்றுவிடுகிறது. கொய்யாவிலும் மாதுளையிலும் விண்பதியம் போடும் தோட்டக்காரர் ஒவ்வொருவரும் இச்சோதனையைத் தம்மையறியாமலே செய்து பார்த்தவர்தாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானிய வனவியலார் மாக்ஸ் பிரெஸ்லர் இதனை ஒரு விதியாகவே வகுத்தார். அடிமரத்தின் எந்த இடத்திலும் ஓராண்டில் சேரும் கட்டையின் குறுக்குப் பரப்பு, அவ்விடத்திற்கு மேலுள்ள இலைகளின் அளவுக்கு ஏற்ப அமையும் என்பது அவ்விதி. கிளைகள் அனைத்தையும் ஒன்றுசேர்த்தால் அவற்றின் பருமன் அடிமரத்தின் பருமனுக்கு ஒப்பாகும் என்று லியனார்டோ டா வின்ச்சி அதற்கும் முந்நூறாண்டுகளுக்கு முன்பே தம் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார். ஜப்பானிலேயே, 1964ஆம் ஆண்டு, ஷினோஸாகி, யோதா, ஹொஸுமி, கிரா ஆகிய நால்வர் இக்கருத்தைக் குழாய்க் கோட்பாடு என்ற பெயரால் கணித வடிவிற்குக் கொண்டுவந்தனர். ஒவ்வோர் அளவு இலைக்கும் அதற்குரிய ஒரு குழாய் வேர் வரையில் இறங்குகிறது. மரம் என்பது அக்குழாய்களின் கற்றை என்பது அவர்கள் கண்ட முடிவு. இலை உதிர்ந்து கிளை மடிந்தாலும் அதற்காக முன்பு கட்டப்பட்ட குழாய் அடிமரத்தில் தங்கிவிடுகிறது என்பதையும் அவர்கள் விளக்கினர். குறுமர வளர்ப்போருக்கு இவ்வொரு செய்தி பெருஞ்செல்வம் போன்றது. கிளையை வளரவிட்டுப் பின்னர் நீக்கலாம்; அது ஈட்டித் தந்த பருமன் நீங்காது.

கணக்கையும் சற்றுப் பார்ப்போம். 2 செ.மீ. விட்டமுள்ள தண்டு 8 செ.மீ. ஆவதென்றால் அதன் குறுக்குப் பரப்பு 16 மடங்காக வேண்டும். சிறு தொட்டியில் ஓயாது கிள்ளப்படும் மரம் ஆண்டிற்கு அரை மி.மீ. தடிப்புள்ள வளையத்தைக் கட்டுகிறது என்று கொள்வோம். விட்டம் ஆண்டிற்கு 1 மி.மீ. கூடும், 60 மி.மீ. கூடுவதற்கு 60 ஆண்டு வேண்டும். அதே மரம் நிலத்தில் நடப்பட்டு, தடையின்றித் தழைத்து, ஆண்டிற்கு 5 மி.மீ. வளையம் கட்டுமானால் ஆறே ஆண்டுகளில் அப்பருமனை எய்தும். முதல் வழியை மேற்கொள்பவர் தம் பேரனுக்காகவே உழைக்கிறார். அதனை அறிந்தே செய்வாராயின் நமக்கு மறுப்பில்லை. அறியாமல் செய்விக்கப்படுவதே வருந்தத்தக்கது.

அவ்வாறாயின் கவாத்திற்கு வேலையே இல்லையோ எனின், உண்டு. மிகப் பெரிய வேலை உண்டு. தடையின்றி வளர்ந்த தண்டு பருமனாக இருக்கும். ஆனால் கம்பம்போல் ஒரே சீராக நீண்டிருக்கும். அதனை அடி பருத்து நுனி சிறுத்த மரமாக்குவது கத்திதான். வேண்டிய பருமன் அடியில் வந்தபின், இறுதி உயரத்தில் மூன்றில் ஒரு பங்கிலோ அதற்கும் தாழ்விலோ தண்டு வெட்டப்படுகிறது. நுனியிலிருந்து இறங்கும் ஆக்ஸின் கீழ் மொட்டுக்களை அடக்கி வைத்திருந்தது என்பதைத் தீமன், ஸ்கூக் என்னும் இருவர் 1933இலேயே காட்டினர். நுனி நீங்கியதும் உறங்குமொட்டுக்கள் விழித்தெழுகின்றன. அவற்றுள் வெட்டுவாய்க்கு அருகிலுள்ள ஒன்றைத் தேர்ந்து புதிய தலைத்தண்டாக விட்டுவிட வேண்டும். இங்கேதான் பலர் பொறுமை இழக்கின்றனர். அதனைக் கிள்ளலாகாது. அது இரண்டு மீட்டர் உயர்ந்தாலும் உயரட்டும். அதன் அடிப்பருமன் கீழ்த்தண்டின் பருமனில் மூன்றில் இரண்டு பங்கை எட்டிய பின்னரே அதனையும் வெட்ட வேண்டும். 8 செ.மீ. அடியின்மேல் 5 செ.மீ.க்குச் சற்று மிகுந்த பகுதி, அதன்மேல் மூன்றரை, அதன்மேல் இரண்டரைக்குச் சற்றுக் குறைவு என இவ்வாறு மரம் படிகளாக ஏறுகிறது. ஒவ்வொரு படியும் கீழ்ப்படியைவிட நீளத்திலும் குறைந்திருக்க வேண்டும். ஒவ்வொரு படியும் சற்றே திசை மாறவும் வேண்டும். ஒரு படிக்கு மூன்று நான்கு ஆண்டு என்றால் முழு மரத்திற்குப் பன்னிரண்டு ஆண்டிற்குக் குறையாது.

இதனினும் நுட்பமானது தியாகக் கிளை முறை. ஜப்பானியர் கிஸேயி எடா என்பது இதனையே. அடிமரத்தின் தாழ்ந்த பகுதியில் தோன்றும் ஒரு கிளையை, அது மரத்தின் இறுதி வடிவில் இடம்பெறப் போவதில்லை என்று அறிந்தே, தடையின்றி ஓடவிடுகின்றனர். பிரெஸ்லர் விதிப்படி அக்கிளை தான் புறப்படும் இடத்திற்குக் கீழேயுள்ள பகுதியைத்தான் பருக்கச் செய்யும். மேலேயுள்ள பகுதியைத் தொடாது. ஆகவே பருமனும் நுனிச் சிறுமையும் ஒரே காலத்தில் கைகூடுகின்றன. மேற்பகுதியில் நல்ல கிளைகளை அமைதியாகப் பயிற்றிக்கொண்டே, கீழே ஒரு முரட்டுக் கிளையை உழைக்க விடலாம். அது மேலுள்ள கிளைகளின் வெளிச்சத்தை மறைக்காதவாறு மட்டும், அதன் அடிப்பகுதி இலைகளை நீக்கி, நுனியில் இலைக்கொத்தை வைத்திருத்தல் நன்று.

மேப்பிளுக்கு ஒரு தனி இயல்பு உண்டு. அதன் இலைகள் எதிரெதிராக அமைந்தவை. ஒவ்வொரு கணுவிலும் இரு மொட்டுக்கள் இருக்கும். (காஷ்மீரத்துச் சினாரை மேப்பிள் என்று எண்ணுவோர் பலர். இலை வடிவு ஒத்திருப்பினும் அதன் இலைகள் மாறி மாறி அமைந்தவை. அது வேறு குடும்பம்.) இவ்வியல்பினால், கவனியாது விட்ட மேப்பிளில் ஒரே கணுவில் மூன்று நான்கு கிளைகள் திரண்டுவிடும். அத்தனையும் ஓரிடத்தில் உணவைச் செலுத்துவதால் அக்கணு முடிச்சாக வீங்கி, கீழ்ப்பகுதியைவிட மேற்பகுதி பருத்துவிடுகிறது. அடி சிறுத்து நடு பருத்த மரத்தைத் திருத்துவது, பருமனற்ற மரத்தைப் பருக்கச் செய்வதைவிடக் கடினம். ஆகவே ஒவ்வொரு கணுவிலும் இரண்டில் ஒன்றை இளமையிலேயே நீக்குதல் இன்றியமையாதது. ஒட்டுக்கட்டிய செவ்விலை வகைகளிலும் இதே தொல்லை. ஒட்டும் வேர்த்தண்டும் வெவ்வேறு வேகத்தில் பருப்பதால் ஒட்டுவாய் நாளடைவில் திரண்டு தோன்றும். இவ்வகைகளை விண்பதியத்தின் மூலம் சொந்த வேரில் பெறுவதே மேல் என்பது நம் கருத்து.

வெட்டுக் காயங்களைப் பற்றியும் கூற வேண்டும். நம்முடைய தோலில் பட்ட புண் ஆறுவதுபோல் மரத்தின் புண் ஆறுவதில்லை. காயமுற்ற கட்டையை மரம் சுவர்கட்டி ஒதுக்கி வைத்துவிட்டு, விளிம்பிலிருந்து புதுத் திசுவை உருட்டி மூடுகிறது. அமெரிக்க வனத்துறை ஆராய்ச்சியாளர் அலெக்ஸ் ஷைகோ 1977இல் இதனை விரிவாக விளக்கினார். மூடுவதற்கு முன் நீர் புகுந்தால் மேப்பிளின் கட்டை எளிதில் உளுத்துவிடும். அன்றியும் மோமிஜியின் பட்டை வழவழப்பானது. பெரிய வடு பல்லாண்டு மறையாது. காயெதே வீறுகொண்டு வளர்வதால் ஓரளவு பெரிய வெட்டையும் தாங்கி மூடிவிடும். இவ்வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல், நிலத்தில் பருக்க வைத்த மோமிஜியை ஒரே வெட்டில் குட்டையாக்கி, வடுவைப் பின்புறம் திருப்பி வைத்து விற்பது வாணிகத்தில் வழக்கமாகிவிட்டது. விரைவு கருதி இதனை ஆதரிப்போரும் உளர். நாம் ஆதரிக்கவில்லை. மோமிஜிக்குத் தியாகக் கிளைகள் பலவற்றை, ஒவ்வொன்றும் பெருவிரல் பருமனை எட்டுமுன் நீக்கிவிட்டு அடுத்ததை வளர்க்கும் முறையே உகந்தது. சில ஆண்டுகள் கூடுதலாகும். ஆனால் மரம் முழுமையாக இருக்கும்.

வெட்டும் பருவம் குறித்துச் சிறிது. குளிர்ப் பிரதேசங்களில் பனிக்கால இறுதியில் மேப்பிளை வெட்டினால் சாறு ஒழுகும். வட அமெரிக்காவில் சர்க்கரை மேப்பிளிலிருந்து பாகு எடுப்பது இவ்வொழுக்கினைக் கொண்டுதான். பெரிய காயங்களை, வசந்தத் தளிர் முற்றித் தடித்த பின், கோடைத் தொடக்கத்தில் செய்வது நலம். அப்போது வளர்படை முழு வேகத்தில் இயங்குவதால் மூடும் வேலை உடனே தொடங்கிவிடும். மோமிஜியில் வெட்டிய இடத்திலிருந்து தண்டு சற்றுக் கீழே பட்டுப்போவதுண்டு. ஆதலின் கணுவிற்கு மேல் சிறு முளையை விட்டு வெட்டி, அது காய்ந்தபின் சீராக்கிக் கொள்ள வேண்டும்.

காற்றும் மரத்தைப் பருக்கச் செய்கிறது. 1803இல் ஆங்கிலேயத் தோட்டவியலார் தாமஸ் ஆண்ட்ரூ நைட் இளம் ஆப்பிள் மரங்களை அசையாதபடி கட்டிவைத்து, அவை கட்டப்படாத மரங்களைவிட அடியில் குறைவாகவே பருத்ததைக் கண்டார். ஒரு மரத்தை வடக்கு தெற்காக மட்டும் அசையவிட்டபோது அதன் தண்டு அத்திசையில் 13க்கு 11 என்ற விகிதத்தில் மிகுந்து பருத்ததாம். சுவரோரத்தில் முட்டுக்கொடுத்து வளர்க்கப்படும் நம் தொட்டி மரங்களுக்கு இவ்வூட்டமும் கிட்டுவதில்லை.

இனி நம் நாட்டிற்கு வருவோம். சமவெளிகளில் மோமிஜியை வளர்க்கும் ஆசை இப்போது பெருகி வருகிறது. குளிர்கால உறக்கம் இல்லாத இடத்தில் அது தளர்ந்து மடிவது உறுதி. கத்தியும் தொட்டியும் எவ்வளவு சிறந்திருந்தாலும் இதனை மாற்ற இயலாது. சமவெளியினர் கொள்ளத்தக்கது இனத்தையன்று, முறையை. தென்சீனத்துக் குவாங்டாங் மாகாணத்தில் லிங்நான் மரபினர் இதே வெட்டி வளர்க்கும் முறையை அத்தி இனம் முதலிய வெப்பநாட்டு மரங்களில் கையாண்டு, கம்பிச் சுற்றல் மிகுதியாக இன்றியே, சிறந்த அடிமரங்களை உருவாக்கியுள்ளனர். நம் இச்சியும் ஆலும் அத்தியும் ஆண்டு முழுதும் தழைப்பவை. மேப்பிளுக்கு வேண்டிய காலத்தில் பாதியளவே இவற்றிற்குப் போதும் எனலாம்.

மலை நாட்டினரின் நிலை வேறு. இமயச் சரிவுகளில் மேப்பிள் இனங்கள் பல இயற்கையாகவே வளர்கின்றன. அவற்றுள் ஏஸர் ஆப்லாங்கம் என்னும் மடலற்ற இலையுடைய இனம் கீழ்ச்சரிவுகளிலும் செழிக்கிறது. பருத்த அடிமரத்திற்கு ஆசைப்பட்டு மலைப்பாறைகளில் நிற்கும் முதுமரங்களைப் பெயர்த்துவரும் வழக்கம் இந்நாட்டில் வேரூன்றிவிடலாகாது. பெயர்க்கப்பட்டவற்றில் பல பிழைப்பதில்லை. பிழைப்பவற்றின் இடம் மலையில் வெறுமையாகிறது. விதையிலிருந்து பத்தாண்டில் பெறத்தக்க ஒன்றிற்காக நூறாண்டு மரத்தைப் பெயர்ப்பது எவ்வகையிலும் பொருந்தாது. குளிர் மாவட்டங்களிலுள்ள அரசுத் தோட்டங்கள் ஒவ்வொன்றும் கால் ஏக்கர் நிலத்தை இதற்கென ஒதுக்கினால் போதும். நாற்றின் வேர்களுக்கு அடியில் ஓர் ஓட்டைப் பதித்து நட்டால், ஆணிவேர் இறங்காது பக்கவேர்கள் பரவும். இரண்டு மூன்று ஆண்டிற்கு ஒருமுறை கிளப்பிக் கீழ்வேர்களைக் கத்தரித்து மீண்டும் நடலாம். அவ்வாறு வளர்ந்த மரங்களை விற்கும்போது நட்ட ஆண்டையும், வெட்டப்பட்ட ஆண்டுகளையும், தண்டின் விட்டத்தையும் சீட்டில் எழுதித் தொங்கவிட வேண்டும். தனியார் பண்ணைகளிடமும் மலர்க் காட்சிக் குழுவினர் இதனையே கேட்கலாம். இப்போது தொட்டிகளில் காணப்படும் சீட்டில் மரத்தின் வயது மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது. அதுவும் பல சமயம் விற்பவரின் மதிப்பீடாகவே உள்ளது.